ஸ்டீக்லிட்ஸின் பதிலும் மைனர் வைட்டின் மௌனமும்

கருப்பு வெள்ளையில் அருவப் படம் எடுக்கத் தொடங்கியவர் அதை யாரிடம் நீட்டினாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "இது என்ன?" பதில் சொல்லிவிட்டால் பார்ப்பவருக்குப் படம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. சொல்லாமல் நின்றால் "நல்லாயிருக்கு" என்ற சொல்லோடு படம் கைக்குத் திரும்பி வருகிறது. முகத்தையோ தெருவையோ எடுப்பவருக்கு இந்த இடர்ப்பாடு இல்லை. முகம் சரியாக வந்திருக்கிறதா என்று சொல்ல யாருக்கும் பயிற்சி வேண்டாம். ஒத்துப்பார்க்க முகம் ஒன்று வெளியே இருக்கிறது. அருவப் படத்துக்கு வெளியே அப்படி எதுவும் இல்லை. நிறமும் போய்விட்டதால் "அந்தச் சிவப்பு பிரமாதம்" என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ஆகவே, வேறெந்தப் படத்தைவிடவும் இந்த வகைப் படத்தை எடுக்கும் புதியவருக்குத்தான் நல்ல கருத்துரை தேவைப்படுகிறது. அவருக்குத்தான் அது அரிதாகவும் கிடைக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்கப் புகைப்பட வரலாற்றில் இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, 1915 வாக்கில் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் இளைஞர் பால் ஸ்ட்ராண்டிடம் சொன்னது. இன்னொன்று, 1950களில் ராச்செஸ்டர் நகரில் மைனர் வைட் தன் மாணவர்களைக் கூட்டிவைத்துச் செய்தது. முன்னதில் ஒருவர் பேசினார், ஒருவர் கேட்டார். பின்னதில் எல்லோரும் முதலில் பேசாமல் இருந்தார்கள். முன்னது லென்ஸைப் பற்றிப் பேசியது. பின்னது பார்ப்பவரின் மனத்தைப் பற்றிப் பேசியது. இந்த இரண்டும் எதிரெதிர்த் திசைகள் என்று எடுத்துக்கொள்வதே எளிது. அருகருகே வைத்து நிதானமாகப் பார்த்தால் அந்த எண்ணம் நிலைப்பதில்லை.

முதலில் ஸ்ட்ராண்ட். பள்ளியில் அவருக்குப் புகைப்படம் கற்றுக்கொடுத்த லூயிஸ் ஹைன், 1907இல் மாணவர்களை ஐந்தாம் அவென்யூ 291ஆம் எண் கட்டடத்தில் இருந்த ஸ்டீக்லிட்ஸின் சிறு காட்சிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். அதற்குப் பிறகு ஸ்ட்ராண்ட் அவ்வப்போது தன் பிரிண்டுகளை எடுத்துக்கொண்டு அங்கே போய் வந்தார். அக்காலத்து வழக்கப்படி அவர் மென்ஃபோகஸ் லென்ஸில் எடுத்தார். படங்கள் பனிமூட்டத்தில் நனைந்த ஓவியங்கள்போல் இருந்தன. ஸ்டீக்லிட்ஸ் சொன்ன கருத்தை ஸ்ட்ராண்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதன் சாரம் இது: இந்த லென்ஸ் எல்லாவற்றையும் ஒரே பொருளால் ஆனதுபோல் காட்டிவிடுகிறது, புல் நீராகத் தெரிகிறது, நீர் மரப்பட்டையாகத் தெரிகிறது, ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் குணமே காணாமல் போகிறது, லென்ஸின் துளையான அப்பர்ச்சரைச் சுருக்கிப் பார்.

இதில் என்னென்ன இல்லை என்று கவனிப்போம். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்ற பேச்சு இல்லை. உனக்குத் திறமை உண்டு, இல்லை என்ற ஆரூடம் இல்லை. எதைப் படமெடுக்க வேண்டும் என்ற அறிவுரையும் இல்லை. பிரிண்டில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு குறை, அது எங்கிருந்து வருகிறது என்ற காரணம், நாளைக் காலையே செய்துபார்க்கக்கூடிய ஒரு மாற்றம்: மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. கருப்பு வெள்ளையில் இந்தக் கருத்துக்குக் கூடுதல் கனம் உண்டு. வண்ணப் படத்தில் ஃபோகஸ் தளர்ந்தாலும் பச்சை பச்சையாகவும் நீலம் நீலமாகவும் நின்று பொருள்களைப் பிரித்துக்கொடுக்கும். நிறம் போன பின் சாம்பலின் ஏற்ற இறக்கமும், விளிம்பும், மேற்பரப்பின் சொரசொரப்பும் மட்டுமே மிச்சம். அவற்றையும் மென்ஃபோகஸ் கரைத்துவிட்டால் கண்ணுக்குப் பிடிமானமே இல்லாமல் போகும்.

இப்போது வைட். அவருடைய வகுப்பில் ஒரு பிரிண்ட் முன்னால் வைக்கப்படும். மாணவர்கள் உடலைத் தளர்த்தி, கண்ணை மூடி, அமைதியாகி, பிறகு கண்ணைத் திறந்து படத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பார்வை பார்த்துவிட்டு நகரும் பேச்சே இல்லை. பல நிமிடங்கள் அந்த ஒரே படத்தோடு இருக்க வேண்டும். அது முடிந்த பிறகுதான் பேச்சு. அப்போதும் "இது நல்ல படமா" என்று யாரும் கேட்பதில்லை. பார்த்துக்கொண்டிருந்தபோது உனக்குள் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. சிலசமயம் படத்தின் கோடுகளைக் காகிதத்தில் வரைந்து காட்டச் சொல்வார். சிலசமயம் உடலசைவால் அதற்கு மறுமொழி தரச் சொல்வார். இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஹோம்ஸ் ஸ்மித்தும் ஏறக்குறைய அதே காலத்தில் புகைப்பட வாசிப்பைப் பயிற்சியாகவே நடத்திவந்தார். வைட் ஆசிரியராக இருந்த 'அபர்ச்சர்' இதழ் அந்த முயற்சிகளுக்கு இடம் கொடுத்தது.

இதில் இல்லாதவற்றையும் கவனிப்போம். லென்ஸ் இல்லை, அப்பர்ச்சர் இல்லை, காகிதத்தின் தரம் இல்லை, நாளைக்குச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. ஸ்டீக்லிட்ஸிடம் இருந்ததெல்லாம் இங்கே இல்லை. இங்கே இருப்பது எதுவும் ஸ்டீக்லிட்ஸின் பதிலில் இல்லை. ஸ்ட்ராண்டுக்குத் தன் படத்தைப் பற்றிய ஓர் உண்மை கிடைத்தது. வைட்டின் மாணவருக்குத் தன் படம் பலருக்குள் செய்த பல வேலைகளின் விவரம் கிடைத்தது. ஸ்ட்ராண்டால் திருத்திக்கொள்ள முடிந்தது. வைட்டின் மாணவரால் வியக்கவோ குழம்பவோ முடிந்தது. உடனே திருத்த அங்கே ஒன்றும் இல்லை.

கண்ணெதிரே தெரியும் வேறுபாடு இவ்வளவுதான். ஆனால் இரண்டு அறைகளிலும் எது வாய்விட்டுச் சொல்லப்படவில்லை என்று தேடினால் கதை திரும்புகிறது.

291இன் சுவர்கள் வெறுமையாக இருந்தவை அல்ல. 1911இல் அங்கே பிக்காசோவின் கோட்டோவியங்கள் தொங்கின. 1914இல் பிரான்குஷியின் சிற்பங்களும், அதே ஆண்டு ஆப்பிரிக்கச் சிற்பங்களும் வந்தன. அந்த ஆண்டு முடிவில் பிக்காசோவும் பிராக்கும் சேர்ந்து காட்சிக்கு வைக்கப்பட்டார்கள். பிரிண்டுகளோடு வந்த இளைஞர் ஸ்டீக்லிட்ஸின் சொல்லுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் அவர் கண் அந்தச் சுவர்களில் இருந்திருக்கும். உருவத்தைத் தாண்டி வடிவம் என்ன செய்யும், ஒரு கோடு பார்ப்பவரின் உடம்பை எப்படி இழுக்கும் என்ற பாடத்தைச் சுவர் நடத்திக்கொண்டிருந்தது. அதனால்தான் ஸ்டீக்லிட்ஸால் லென்ஸைப் பற்றி மட்டும் பேசி நிறுத்த முடிந்தது.

ராச்செஸ்டரில் நேர்மாறு. வைட் 1946இல் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா நுண்கலைப் பள்ளியில் ஆன்சல் ஆடம்ஸோடு சேர்ந்தவர். எக்ஸ்போஷரையும் டெவலப் செய்வதையும் படிப்படியான சாம்பல் தரங்களாகக் கணக்கிடும் ஆடம்ஸின் ஜோன் முறையை வருடக்கணக்கில் கற்பித்தவர். 1956இல் அதைப் பற்றி ஒரு கையேடே எழுதியவர். அவர் நடத்திய வாசிப்பில் தொழில்நுட்பம் பேசப்படவில்லை என்றால், அது வேறொரு வேளையில் கறாராகக் கற்பிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். நிழலுக்குள் விவரம் எவ்வளவு நிற்க வேண்டும், வெள்ளை எந்த இடத்தில் காகிதமாக வெளிறிப்போகும் என்பதெல்லாம் இருட்டறையில் தீர்ந்த பிறகே பிரிண்ட் அந்த மௌனத்துக்கு முன்னால் வந்தது.

ஆக, ஓர் அறையில் சொல்லாக இருந்தது மறு அறையில் சூழலாக இருந்தது. இங்கே சூழலாக இருந்தது அங்கே சொல்லாயிற்று. இரண்டு முறைகளும் முழுமையானவையே. ஆளுக்கொரு பாதியை மட்டும் வாயால் சொன்னார்கள். இன்று தனியாக உட்கார்ந்து அருவப் படம் எடுக்கும் புதியவருக்கு நேரும் இழப்பும் இங்கேதான் இருக்கிறது. ஸ்டீக்லிட்ஸின் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால் கூர்மையான, வெறுமையான படங்கள் சேரும். வைட்டின் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டால், மங்கிய சாம்பல் பிரிண்டுக்கும் ஆழ்ந்த பொருள் சொல்லப் பத்துப் பேர் கிடைப்பார்கள்.

இருவருக்கும் இடையே நேரான ஓர் உறவும் உண்டு. அது 1946 பிப்ரவரியில் நடந்த சந்திப்பு. போர் முடிந்து, படையிலிருந்து வெளிவந்து, புகைப்படத்தை மறுபடி கையில் எடுக்கத் தயங்கிக்கொண்டிருந்த வைட், நியூயார்க்கில் ஸ்டீக்லிட்ஸின் கடைசிக் கூடத்துக்குப் போனார். என்னால் புகைப்படக்காரனாக முடியுமா என்பதே அவருக்குள் இருந்த கேள்வி. ஸ்டீக்லிட்ஸ் லென்ஸைப் பற்றி எதுவும் பேசவில்லை. நீ எப்போதாவது காதல் வயப்பட்டிருக்கிறாயா என்று கேட்டார். ஆம் என்று வைட் சொன்னதும், அப்படியானால் உன்னால் படமெடுக்க முடியும் என்றார். இதை வைட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஜூலையிலேயே ஸ்டீக்லிட்ஸ் காலமானார்.

ஏறத்தாழ முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதர் தந்த இரண்டு கருத்துரைகள் இவை. இருபத்தைந்து வயது ஸ்ட்ராண்டுக்கு அப்பர்ச்சர். முப்பத்தேழு வயது வைட்டுக்குக் காதல். கிழவர் மாறிவிட்டார் என்று சொல்லலாம். இடையில் 1922 முதல் அவர் மேகங்களைப் படமெடுக்கத் தொடங்கி, அவற்றைத் தன் உள்ளநிலைக்கு நிகரானவை என்று கருதிவந்ததும் உண்மைதான். ஆனால் எனக்கு வேறொரு காரணம் வலுவாகத் தோன்றுகிறது. ஸ்ட்ராண்டிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. கருவிதான் அவரை ஏமாற்றிக்கொண்டிருந்தது. வைட்டிடம் கருவிக்குக் குறைவில்லை. அவர் ஏற்கெனவே ஆரிகனில் பல ஆண்டுகள் படமெடுத்தவர், நம்பிக்கைதான் உடைந்திருந்தது. வந்தவரிடம் எது இல்லையோ அதைப் பற்றி மட்டும் ஸ்டீக்லிட்ஸ் பேசினார். நல்ல கருத்துரை படத்தை மட்டுமன்றி, அதை எடுத்து வந்தவரையும் ஒரு கணம் பார்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் அறியேன்.

இனி இரண்டு படங்களை அருகில் வைப்போம். கருத்துரைகள் எங்கே கொண்டுபோய் விட்டன என்று அவை சொல்லும்.

1916 கோடையில் கனெக்டிகட் மாநிலத்தின் ட்வின் லேக்ஸில் தங்கியிருந்த ஸ்ட்ராண்ட், அடுக்களைக் கிண்ணங்களையும் பழங்களையும் தாழ்வாரத்தையும் படமெடுத்தார். தாழ்வாரப் படத்தில் ஒரு வட்ட மேசையின் விளிம்பு வில்போல் வளைந்து நுழைகிறது. கைப்பிடிக் கம்பிகளின் நிழல்கள் சரிந்த பட்டைகளாக விழுகின்றன. பட்டைகளுக்கு நடுவே வெயில் சாய்சதுரங்களாக நிற்கிறது. எது மேல், எது கீழ் என்பது சட்டென்று பிடிபடுவதில்லை. ஆனால் கூர்ந்து பார்த்தால் மேசை மேசையாகவே இருக்கிறது. பட்டை எங்கே முடிகிறது என்பதில் சந்தேகமே இல்லை. மென்ஃபோகஸில் இந்தப் படம் சாத்தியமே இல்லை: நிழலின் ஓரம் கரைந்திருந்தால் சாய்சதுரம் கறையாகியிருக்கும். புல்லும் நீரும் பற்றிச் சொன்ன ஒரு திருத்தம், புல்லோ நீரோ இல்லாத ஓர் அருவப் படத்தில் போய்ப் பலித்திருக்கிறது.

1958 ஜூலையில் ராச்செஸ்டரில் தன் வீட்டுச் சன்னலோரத்தை வைட் படமெடுத்தார். அங்கேயும் வீட்டுக்குள் நுழைந்த வெயில்தான். அங்கேயும் ஒளி தான் பட்ட இடத்தை மறக்கச் செய்து தனி உருவமாக மிதக்கிறது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் தள்ளி, இன்னொரு ஊரில், முற்றிலும் வேறான பயிற்சியில் வந்த ஒருவர் அதே பொருளில் கைவைத்திருக்கிறார். ஸ்ட்ராண்டின் வெயில் கத்தியால் நறுக்கியதுபோல் இருக்கிறது; வைட்டின் வெயில் நெளிகிறது. ஸ்ட்ராண்டின் படத்துக்கு முன்னால் கண் வேலை செய்கிறது: எது எதன் மேல் இருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறது. வைட்டின் படத்துக்கு முன்னால் கண் சீக்கிரமே கணக்கை விட்டுவிடுகிறது. அவர் அந்தப் படத்துக்கு வைத்த பெயரிலேயே பகற்கனவு இருக்கிறது. ஸ்ட்ராண்டோ தன் படத்துக்கு 'அருவம்' என்று மட்டும் பெயரிட்டு, பொருளையும் ஊரையும் சேர்த்துக்கொண்டார். தான் வளர்ந்த கருத்துரையின் மொழியிலேயே ஒவ்வொருவரும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆயினும் வைட்டின் பனிபடிந்த சன்னல் கண்ணாடிகளையும், 1962இல் யூட்டாவின் கேப்பிடல் ரீஃபில் எடுத்த பாறை அடுக்குகளையும் பார்த்தவர்கள் அவற்றின் கூர்மையை மறக்கமாட்டார்கள். பனியின் ஒவ்வோர் ஊசியும் தனியாகத் தெரியும். எதையும் அது என்னவென்பதற்காகவும், அது வேறு என்னவாகவும் இருக்கிறது என்பதற்காகவும் படமெடுக்க வேண்டும் என்பது வைட்டின் கொள்கை. அதில் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவது பாதிக்குத் தாவ முடியாது. பனி பனியாக இருந்தால்தான் அது நட்சத்திரமாகவும் காயமாகவும் ஆகும். ஸ்டீக்லிட்ஸ் 1915இல் கேட்டதும் அந்த முதல் பாதியைத்தான்.

இரண்டு முறைகளின் ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். ஸ்டீக்லிட்ஸின் முறை ஒரு தனிமனிதரின் அதிகாரத்தில் நிற்கிறது. அவர் கண் பிசகினால் சீடரின் கண்ணும் பிசகும். சரியாக இருந்தாலும் அந்த உறவு எப்போதும் ஒருபக்கமாகச் சாயும். ஸ்ட்ராண்ட் 1930களின் தொடக்கத்தில் அவரைவிட்டு விலகித் தன் வழியில் போனார். வைட்டின் முறையில் அதிகாரம் பலருக்குப் பகிரப்படுகிறது. ஆனால் பார்ப்பவர் படத்தைப் பார்க்கிறாரா, படத்தைச் சாக்கிட்டுத் தன்னையே பார்க்கிறாரா என்று பிரித்தறிவது கடினம். வைட்டை மறைஞானி என்று குறைசொன்னவர்கள் அவர் காலத்திலேயே இருந்தார்கள். ஜென், குர்ஜியேஃபின் போதனை, கெஸ்டால்ட் உளவியல் என்று அவர் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக்கொண்டதும் அதற்குத் தோதாக இருந்தது. அந்தக் குறையில் ஓரளவு நியாயம் உண்டு. ஒருவருக்குத் தன் தாத்தா நினைவுக்கு வந்தார் என்பதால் படமெடுத்தவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

ஆனால் பலர் பேசும்போது இன்னொன்றும் நடக்கிறது. ஒருவர் தாத்தா என்கிறார், ஒருவர் கிணறு என்கிறார், ஒருவர் பயம் என்கிறார். அந்தச் சொற்களை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொருவரும் பேசும்போது படத்தில் எந்த இடத்தைக் காட்டினார்கள் என்று மட்டும் பார்க்கலாம். எல்லோர் விரலும் இடதுபக்கக் கீழ்மூலையின் கருமைக்கே போனால், அந்தக் கருமை வேலை செய்கிறது. யாருடைய விரலும் வலதுபக்க வெள்ளைத் திட்டுக்குப் போகவில்லையென்றால், படமெடுத்தவர் ஆசை ஆசையாக வைத்த அந்தத் திட்டு அங்கே இல்லாததற்குச் சமம். வைட்டின் வகுப்பில் கோடுகளை வரையச் சொன்னதன் பயனும் இதுதான் என்று நினைக்கிறேன். சொற்கள் பொய் சொல்லலாம். பென்சில் எந்தக் கோட்டை விட்டுவிட்டது என்பது காகிதத்தில் கிடக்கும். இந்த இடத்தில் வாசிப்பு மறுபடியும் பிரிண்டின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. பென்சில் விட்டுப்போன இடத்துக்கு அடுத்த கேள்வி ஸ்டீக்லிட்ஸின் கேள்வியேதான்: அது ஏன் பக்கத்துச் சாம்பலிலிருந்து பிரியவில்லை?

காலத்தைப் பொறுத்தவரை இரண்டும் நாம் எதிர்பாராத விதத்தில் ஒத்துப்போகின்றன. ஸ்ட்ராண்ட் ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் இடையே நீண்ட காலம் எடுத்துக்கொண்டார். 1907இல் முதலில் பார்த்த சுவரில் அவருடைய சொந்தப் படங்கள் ஏறியது 1916 மார்ச்சில். வைட்டின் மாணவர் ஒரே படத்தின் முன் நிமிடக்கணக்கில் உட்கார்ந்தார். முன்னவர் ஆண்டுகளை ஒரு கருத்துக்குள் அடக்கினார். பின்னவர் ஒரு படத்தை விரித்துப் பொழுதை நீட்டினார். படத்தைக் காட்டிய அரை நிமிடத்தில் பதில் வேண்டும் என்ற அவசரம் இரண்டு இடத்திலும் இல்லை. எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை. முகத்தை அரை நிமிடத்தில் அடையாளம் காணலாம். அருவத்தில் அடையாளம் காண எதுவும் இல்லாததால் பார்வை தங்கித்தான் ஆக வேண்டும்.

கடைசியாக ஒரு வேறுபாடு. இதைச் சமன்செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஸ்ட்ராண்டுக்கு அருவம் ஒரு கோடைக்காலப் பாடம். புதிய ஓவியர்கள் என்ன செய்கிறார்கள், ஒரு படத்துக்குள் வடிவங்கள் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்று புரிந்துகொள்ளவே அவற்றை எடுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். வைட்டுக்கு அருவமே வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்த இடம். 1976இல் இறக்கும்வரை அவர் அதைக் கைவிடவில்லை. ஆகவே இவர்கள் முறைகளை இன்று கைக்கொள்ள விரும்பும் புதியவர் தன் படத்தை நீட்டுவதற்கு முன் ஒன்றைத் தனக்குள் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: அருவத்தின் வழியாக வேறெங்கோ போகிறாரா, அருவத்திலேயே குடியிருக்க வந்திருக்கிறாரா. வழியாகப் போகிறவருக்கு லென்ஸைப் பற்றிச் சொல்லக்கூடிய, கண் கூர்மையான ஒரே ஒருவர் போதும். குடியிருக்க வந்தவருக்குப் பேசாமல் நெடுநேரம் பார்க்கக்கூடிய பலர் வேண்டும். அவர்களைத் தேடிச் சேர்ப்பதற்கு முன் இருட்டறை வேலை கைவந்திருக்க வேண்டும்.

ஸ்ட்ராண்ட் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதற்கு அதே 1916இல் நியூயார்க் மாநிலத்தின் போர்ட் கென்டில் எடுத்த வெள்ளை வேலிப் படம் இருக்கிறது. தாழ்வாரத்தில் நிழற்பட்டைகள் செய்ததை இங்கே வேலிப் பலகைகள் செய்கின்றன: இருண்ட கட்டடங்களுக்கு முன்னால் சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வரிசையாக, சற்றே கோணலாக, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல் நிற்கின்றன. 1917 ஜூனில், சந்தாதாரர்கள் நாற்பதுக்கும் குறைந்துபோயிருந்த 'கேமரா வொர்க்' இதழின் கடைசி வெளியீட்டை ஸ்டீக்லிட்ஸ் முழுக்க ஸ்ட்ராண்டுக்கே கொடுத்தார். பதினொரு படங்கள். வேலியும், தெருவோர மனிதர்களின் முகங்களும், கிண்ணங்களும், தாழ்வார நிழலும் அதில் ஒரே வரிசையில் வந்தன. அருவங்களுக்கென்று தனிப் பகுதி ஒதுக்கப்படவில்லை.